மக்கள்நல அரசு எப்படி உருவானது, நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது?

மக்கள்நல அரசு என்று பேச்செடுத்தாலே மூன்று வாதங்கள் வரிசையாக வந்து நிற்கும். உழைக்காதவர்களுக்கு ஊர்ப் பணத்தை அள்ளிக் கொடுக்கும் ஏற்பாடு என்பார் ஒருவர். அது சோஷலிசத்தின் பாதி என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஸ்வீடனையும் அமெரிக்காவையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு நாட்டுக்கு இரக்கம் உண்டு, மற்றதற்கு இல்லை என்று தீர்ப்பே எழுதிவிடுவார்.

மூன்றுமே நடந்த வரலாற்றோடு ஒட்டாதவை. நாடு முழுமைக்குமான கட்டாய மருத்துவக் காப்பீட்டை உலகில் முதலில் கொண்டுவந்தவர், சோஷலிஸ்டுகளை ஒடுக்கிய ஒரு பழமைவாதி. வளர்ந்த நாடுகள் நலச்செலவு என்று கணக்கு காட்டும் தொகையில் பெரும்பகுதி ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. அதாவது உழைத்து ஓய்ந்தவர்களுக்கும் நோய்ப்பட்டவர்களுக்கும். நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டை இரக்கத்தின் அளவைக் கொண்டு விளக்கவும் முடியாது. ‘உதவி கேட்கும் உரிமை ஒருவருக்கு எதனால் வருகிறது?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தொடக்கத்தில் ஒரு பதிலைச் சொன்னது. பிற்பாடு நடந்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பதிலிலிருந்து கிளைத்தவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரிந்துவிடும்.

நூறு வீடுகளின் பொது நிதி

நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒருவர் சம்பாதிக்கிறார். ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு வீடுகளில் சம்பாதிப்பவர் படுத்த படுக்கையாகி, அந்த ஆண்டு வருமானமே நின்றுபோகிறது. எந்த இரண்டு வீடு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தனித்தனியாகச் சமாளிப்பதென்றால் ஒவ்வொரு வீடும் ஓராண்டு வருமானத்தை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. நூறு வீடுகளும் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் பொதுவில் போட்டுவந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். காப்பீடு என்பது இவ்வளவுதான்.

சரி, இதற்கு அரசு எதற்கு? தெருவே நடத்திக்கொள்ளக் கூடாதா? கொஞ்ச காலம் நடத்தலாம். அப்புறம் மூன்று இடங்களில் இடிக்கும். முதலில், திடகாத்திரமான இளைஞர்கள் ‘நமக்கென்ன நோயா வரப்போகிறது’ என்று விலகுவார்கள். மிஞ்சியவர்களுக்கான பங்குத்தொகை ஏறும். ஏறியதைப் பார்த்து இன்னும் சிலர் விலகுவார்கள், நிதி படுத்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாட்டில் கட்டாயம் வருகிறது. இரண்டாவது, நூறு பேரும் ஒரே ஆலையில் வேலை செய்து ஆலை மூடப்பட்டால், எல்லோரும் ஒரே நாளில் கை நீட்டுவார்கள், போடுவதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். பல ஊர்களையும் பல தொழில்களையும் சேர்த்த பெரிய நிதிதான் அதைத் தாங்கும். தனியார் நிறுவனங்கள் வேலையிழப்புக்குக் காப்பீடு தரத் தயங்குவதும் இதனாலேயே. மூன்றாவது முதுமை. அது இரண்டு வீடுகளோடு நிற்காது, ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வரும், பல ஆண்டுகள் நீடிக்கும்.

இப்போது இலக்கணம் சொல்லிவிடலாம். நோய், விபத்து, வேலையிழப்பு, முதுமை, பிள்ளை வளர்ப்பு ஆகிய காலங்களில் குடும்பங்களின் வருமானம் அடியோடு சரிந்துவிடாமல் காப்பதைச் சட்டப்படி தன் கடமையாக ஏற்றுக்கொண்ட அரசே மக்கள்நல அரசு. ‘சட்டப்படி’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னர் கொடுத்த தானமும் செல்வர் நடத்திய சத்திரமும் நல்ல காரியங்கள்தான், ஆனால் மறுநாள் நிறுத்திவிட்டால் யாரும் தட்டிக் கேட்க முடியாது.

இதற்கு முன் என்ன இருந்தது?

இங்கிலாந்தில் 1601-லேயே ஏழைகளுக்கான சட்டம் இருந்தது. ஒவ்வொரு பாரிஷும், அதாவது தேவாலய வட்டாரமும், நிலம் வீடு வைத்திருப்பவர்களிடம் வரி வாங்கித் தன் எல்லைக்குள் உள்ள ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1834-இல் அந்தச் சட்டம் கடுமையாக மாற்றப்பட்டது. உதவி வேண்டுமா, ‘உழைப்பு இல்லம்’ என்ற கட்டடத்துக்குள் வந்து தங்கு என்பது புதிய விதி. அங்கே கணவன், மனைவி, பிள்ளைகள் பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டார்கள். வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குபவரின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவரின் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பது எழுதிவைத்த கொள்கை. உள்ளே வரவே மனிதர் அஞ்ச வேண்டும் என்பதுதான் நோக்கம். ஏழை நிவாரணம் வாங்கியவருக்கு வாக்குரிமை இல்லை என்ற விதி அங்கே 1918 வரை நீடித்தது.

தொழிற்புரட்சி இந்தப் பழைய ஏற்பாட்டின் அடிமண்ணை அரித்தது. கிராமத்தில் இருந்தவரைக்கும் துண்டு நிலமாவது, உறவாவது துணைக்கு இருந்தது. நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு வாரக்கூலி ஒன்றுதான். இயந்திரத்தில் கை சிக்கினால் அன்றோடு அதுவும் நின்றது. உடம்பில் தெம்பும் வேலை செய்ய மனமும் இருந்தும் வேலை கிடைக்காதவரை ‘சோம்பேறி’ என்று சொல்லி உழைப்பு இல்லத்துக்கு அனுப்புவதில் பொருளில்லை என்பது மெல்ல மெல்ல உறைத்தது.

இதுவரை பார்த்தது: பழைய உதவியில் உரிமை வறுமையால் வந்தது, கூடவே அவமானமும் வந்தது. ஆலை வாழ்க்கை கொண்டுவந்த ஆபத்துகளுக்கு அது போதவில்லை.

ஜெர்மனி: வேலையால் வந்த உரிமை

1871-இல் ஒன்றுபட்ட ஜெர்மனியில் ஆலைகள் பெருகின, தொழிலாளர் கட்சியும் பெருகியது. ஆட்சித் தலைவரான சான்சலர் பிஸ்மார்க் 1878-இல் சோஷலிஸ்டுகளின் அமைப்புகளையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்தார். தடை மட்டும் போதாது, புதிய பேரரசின் மீது தொழிலாளிக்குப் பற்று வர வேண்டுமென்றால் அவனுக்கு அரசிடமிருந்து ஏதாவது கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1883-இல் மருத்துவக் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதுமை மற்றும் ஊனக் காப்பீடு என்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன.

மருத்துவக் காப்பீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பங்குத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். நோயில் விழுந்தால் சிகிச்சையோடு, பாதிக் கூலி அளவுக்கு உதவித்தொகை 13 வாரம் வரை கிடைத்தது. நிதியை அரசு அலுவலகம் நடத்தவில்லை. தொழிலாளர்களும் முதலாளிகளும் சேர்ந்து நிர்வகித்த ‘நோய் நிதியங்கள்’ நடத்தின. இப்படி வேலையோடு இணைத்து, பங்குத்தொகை வசூலித்து, சட்டப்படி எல்லோரையும் சேர்க்கும் முறைக்குப் பெயர் சமூகக் காப்பீடு. முன்னே சொன்ன தெரு நிதிதான், கட்டாயமும் நாடளவு பரப்பும் சேர்ந்துகொண்டது.

ஒரு தவறான தகவலை இங்கேயே திருத்திவிடலாம். ஓய்வு வயது 65 என்று முடிவு செய்தவர் பிஸ்மார்க் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அவர் காலத்துச் சட்டத்தில் வயது 70. 65 ஆகக் குறைந்தது 1916-இல்.

சமூகக் காப்பீட்டில் உரிமை வேலையால் வருகிறது. கட்டியவர் தலைநிமிர்ந்து வாங்கலாம், அது பெரிய மாற்றம். ஆனால் கூலியை ஒட்டிப் பலன் என்பதால் வேலையில் இருந்த ஏற்றத்தாழ்வு ஓய்விலும் தொடர்கிறது. வீட்டில் பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்ட பெண், கணவரின் காப்பீட்டை ஒட்டித்தான் உரிமை பெற்றார். இந்த அமைப்பின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் போன்ற நாடுகளின் அமைப்பில் இந்தத் தடம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

பிரிட்டன்: குடிமகன் என்பதால் வந்த உரிமை

பிரிட்டன் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த, 70 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. யாரும் பங்குத்தொகை கட்ட வேண்டியதில்லை, பணம் வரியிலிருந்து வந்தது. பழைய நிவாரண அலுவலகத்தின் வாசலை மிதிக்காமல் அஞ்சலகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பது முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதே ஆண்டு நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் ஜெர்மனிக்குப் போய் அங்கத்திய முறையை நேரில் பார்த்துவிட்டு வந்தார். 1911-இல் மருத்துவத்துக்கும், சில தொழில்களில் வேலையிழப்புக்கும் கட்டாயக் காப்பீடு வந்தது.

பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போரின் நடுவில் வந்தது. 1942-இன் இறுதியில் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் ஓர் அரசு அறிக்கை வெளியிட்டார். வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை என்ற ஐந்து அரக்கர்களை வீழ்த்த வேண்டும் என்றது அறிக்கை. அதை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள், லட்சக்கணக்கில் விற்றது. குண்டுவீச்சுக்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் கிடையாது. ரேஷன் எல்லோருக்கும் ஒன்று. அந்த அனுபவத்தில் இருந்த மக்களுக்கு, ஆபத்தை எல்லோருமாகப் பகிர்ந்துகொள்வோம் என்ற பேச்சு உடனே மனதில் தைத்தது.

1945-இல் ஆட்சிக்கு வந்த அட்லியின் தொழிற்கட்சி அரசு அதில் பெரும்பகுதியைச் சட்டமாக்கியது. சுகாதார அமைச்சர் அனுரின் பெவன் தலைமையில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. பணம் பெரும்பாலும் பொது வரியிலிருந்து. மருத்துவரைப் பார்க்க வருபவரிடம் ‘எங்கே வேலை செய்கிறாய், எவ்வளவு கட்டினாய்’ என்ற கேள்வியே இல்லை. நாட்டில் வசித்தால் போதும். இப்படி வருமானமும் வேலையும் பார்க்காமல் எல்லோருக்கும் தருவதை அனைவருக்குமான பலன் என்கிறோம்.

ஆனால் ஓய்வூதியத்தில் பெவரிட்ஜின் திட்டத்துக்கு உள்ளேயே ஒரு முடிச்சு இருந்தது. எல்லோரும் ஒரே தொகை கட்டி, எல்லோரும் ஒரே தொகை வாங்க வேண்டும் என்றார் அவர். மிகக் குறைந்த கூலிக்காரராலும் கட்ட முடிய வேண்டும் என்றால் பங்குத்தொகை சிறிதாகத்தான் இருக்க முடியும். பங்குத்தொகை சிறிதானால் ஓய்வூதியமும் சிறிது. வசதியுள்ளவர்கள் தங்கள் நிறுவனத்தின் தனி ஓய்வூதியத்தை நாடினார்கள். இல்லாதவர்களுக்கு வருமானச் சோதனையோடு கூடிய கூடுதல் உதவி தேவைப்பட்டது. வருமானச் சோதனை என்றால், விண்ணப்பிப்பவரின் வருமானமும் சொத்தும் வரம்புக்குக் கீழே உள்ளனவா என்று பார்த்துத் தருவது. சமத்துவத்தை எண்ணி வகுத்த விதி ஒன்று இரண்டு அடுக்குகளை உண்டாக்கிவிட்டது. இந்தத் துறையில் நல்லெண்ணத்தை மட்டும் வைத்து எதையும் எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்வீடன்: விவசாயிகளின் பங்கு

ஸ்வீடனைப் பற்றிப் பேசும்போது தொழிற்சங்கங்களைச் சொல்வார்கள், விவசாயிகளை மறந்துவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது விவசாயிகள் நிறைந்த நாடு. சொந்த நிலத்தில் உழைப்பவருக்கு முதலாளி கிடையாது. பங்குத்தொகையில் ஒரு பகுதியைக் கட்ட யாருமில்லை. ஜெர்மனி பாணிக் காப்பீட்டால் அவருக்கு ஆதாயமில்லை. ஆகவே ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் என்ற திட்டம் அங்கே எடுபடவில்லை. 1913-இல் வந்த ஓய்வூதியச் சட்டம் ஏறக்குறைய மொத்த மக்களையும் உள்ளடக்கியது.

1932-இல் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது, ஆனால் தனிப்பெரும்பான்மை இல்லை. மறு ஆண்டு விவசாயிகள் கட்சியோடு ஓர் ஒப்பந்தம்: விளைபொருள் விலைக்கு அரசு ஆதரவு, பதிலுக்கு வேலையற்றோர் திட்டங்களுக்கு விவசாயிகளின் வாக்கு. ‘மாட்டு பேரம்’ என்றே அதற்கு அங்கே பெயர். நாடு என்பது யாரையும் ஒதுக்காத ஒரு வீடாக இருக்க வேண்டும் என்று 1928-லேயே பேசிய பெர் ஆல்பின் ஹன்சன் அப்போது பிரதமர். 1948-இல் எல்லாக் குழந்தைகளுக்குமான உதவித்தொகை வந்தது.

அடிப்படை ஓய்வூதியம் மட்டும் இருந்தால் நடுத்தர வர்க்கம் தனியாரிடம் போய்விடும். பிரிட்டனில் நடந்தது அதுதான். ஸ்வீடன் கடுமையான அரசியல் சண்டைக்குப் பிறகு 1959-இல், சம்பளத்தை ஒட்டிய கூடுதல் ஓய்வூதியத்தையும் பொதுத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல சம்பளக்காரருக்கும் பொது ஏற்பாடு லாபமாக இருந்ததால் அவர் வெளியேறவில்லை, அதிக வரிக்கும் உடன்பட்டார். 1974-இல் பிள்ளை பிறந்தால் தாய், தந்தை இருவருமே எடுத்துக்கொள்ளக்கூடிய ஊதிய விடுப்பை முதலில் கொண்டுவந்த நாடும் இதுதான்.

பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குத் தருகிறது ஸ்வீடன் என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. அங்கே பெரும்பாலான பொருள்களுக்கு மதிப்புக் கூட்டு வரி 25 சதவீதம், அதை எல்லோரும் கட்டுகிறார்கள். எல்லோரும் போட்டு எல்லோரும் எடுப்பதுதான் அந்த அமைப்பு.

அமெரிக்கா: செலவு தெரியாத இடத்தில் இருக்கிறது

1933 வாக்கில் அமெரிக்காவில் உழைக்கக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. 1935-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தையும் வேலையிழப்புக் காப்பீட்டையும் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்கின்சுக்கு உண்டு. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் முதலில் ஓய்வூதியத்தில் சேர்க்கப்படவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் மிகப் பலர் செய்தவை அந்த வேலைகளே. விடுபட்டவர்கள் யார் என்று பார்க்காமல் அந்தச் சட்டத்தைப் புகழ்வது நியாயமில்லை.

மாதாந்தர ஓய்வூதியத்தை முதலில் பெற்றவர் வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர். மூன்று ஆண்டுகளில் அவர் கட்டியது 24 டாலர் 75 சென்ட். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலையே 22 டாலர் 54 சென்ட். 100 வயது வரை வாழ்ந்து 22,000 டாலருக்கு மேல் வாங்கினார். இது எப்படி முடிந்தது? இன்று உழைப்பவர் கட்டும் பணம் சேமிப்பில் தூங்காமல், இன்றைய முதியவருக்கே போகிறது. இதை நடப்பு நிதி முறை என்கிறார்கள். முதல் தலைமுறைக்கு இது கொடை. பிறகு வரும் தலைமுறைக்கெல்லாம் ஒரு வாக்குறுதி. பிள்ளைகள் குறைந்து முதியவர்கள் கூடும்போது இந்த முறை எங்கும் திணறுவதும் இதனால்தான்.

மருத்துவத்தில் அமெரிக்கா வேறு பாதையில் போனது திட்டமிட்டு நடந்ததில்லை. போர்க்காலத்தில் கூலி உயர்வுக்கு அரசு உச்சவரம்பு வைத்தது. ஆள் தேவைப்பட்ட நிறுவனங்கள் கூலிக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு தந்தன, அதற்கு வரிவிலக்கும் கிடைத்தது. போருக்குப் பின் அதிபர் ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்பீட்டை முன்வைத்தபோது மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அதற்குள் ஏராளமான தொழிலாளர்களுக்கு நிறுவனக் காப்பீடு கிடைத்துவிட்டதால் அவசரமும் குறைந்தது. விடுபட்ட முதியோருக்கும் வறியோருக்கும் 1965-இல் தனித்தனித் திட்டங்கள் வந்தன.

தனியார் காப்பீட்டையும் வரிச்சலுகைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், சமூகநலச் செலவில் அமெரிக்கா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. செலவு குறைவு என்பது பிழை. வரிச்சலுகையாகவும் நிறுவனக் காப்பீடாகவும் போகும் பணம் நல்ல வேலையில் இருப்பவருக்கே அதிகம் போய்ச் சேர்கிறது. வேலை போனால் காப்பீடும் போகிறது.

மூன்று குடும்பங்கள்

டென்மார்க் சமூகவியலாளர் எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-இல் இந்த நாடுகளை மூன்றாக வகுத்தார். அமெரிக்கா போன்றவை சந்தையை முதன்மையாகவும் அரசைக் கடைசித் துணையாகவும் வைப்பவை. ஜெர்மனி போன்றவை தொழிலையும் குடும்பத்தையும் சார்ந்தவை. ஸ்வீடன் போன்றவை குடிமக்கள் அனைவரையும் ஒரே அமைப்பில் வைப்பவை. பிரிட்டன் எந்தக் கூட்டத்திலும் முழுதாகப் பொருந்துவதில்லை: மருத்துவத்தில் ஒரு முகம், ஓய்வூதியத்தில் வேறு முகம். வீட்டில் பெண்கள் செய்யும் பராமரிப்பு வேலையை இந்த வகைப்பாடு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று பெண்ணிய ஆய்வாளர்கள் சொன்னது நியாயமான விமர்சனம். தொடக்க வரைபடமாக இதைப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் நம்ப வேண்டியதில்லை.

சுருக்கமாக: உரிமை தேவையால் வரலாம், வேலையால் வரலாம், குடியிருப்பால் வரலாம். எல்லா நாடுகளும் மூன்றையும் கலந்தே வைத்திருக்கின்றன. எது முதுகெலும்பு என்பதில்தான் வேறுபாடு.

முதல் பதில் ஏன் இவ்வளவு நீடிக்கிறது?

கட்டியவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதே எளிய காரணம். நடப்பு நிதி முறையை ஒரு நாடு கைவிட்டுச் சேமிப்பு முறைக்கு மாறினால், இடையில் உள்ள தலைமுறை பெற்றோருக்கும் கட்டி, தனக்கும் சேர்க்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஆதரவாளர்களை உண்டாக்கிக்கொள்கிறது. எல்லோருக்கும் கிடைப்பதைக் குறைத்தால் எல்லோரும் எதிர்ப்பார்கள். ஏழைகளுக்கு மட்டும் உள்ளதைக் குறைத்தால் குரல் கொடுக்க ஆள் குறைவு.

1935-ஆம் ஆண்டின் அந்த அமெரிக்கச் சட்டத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஓய்வூதியத்தோடு, தந்தையின் ஆதரவில்லாத ஏழைக் குழந்தைகளுக்கான உதவியும் அதே சட்டத்தில்தான் பிறந்தது. ஒன்றுக்குப் பங்குத்தொகை, மற்றதற்கு வருமானச் சோதனை. தொழிலாளரிடம் பங்குத்தொகை வாங்குவதே பின்னால் வரும் எந்த அரசியல்வாதியும் ஓய்வூதியத்தில் கை வைக்க முடியாதபடி செய்வதற்குத்தான் என்று ரூஸ்வெல்ட் வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார். குழந்தைகளுக்கான உதவி 1996-இல் ஒழிக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த திட்டத்தில் மத்திய நிதியிலிருந்து ஒரு குடும்பம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பெற முடியாது. ஓய்வூதியத்திலோ, முழுத் தொகைக்கான வயதை 65-லிருந்து 67 ஆக்க 1983-இல் முடிவெடுத்தார்கள். அந்த இரண்டு ஆண்டு உயர்வையும் படிப்படியாகத்தான் செய்ய முடிந்தது. 1960-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் அது முழுதாகப் பொருந்துகிறது.